மிலோங்காவின் மூத்தவர்களைப் பதிவு செய்வது எப்படி

மிலோங்கா என்பது மக்கள் கூடி டாங்கோ ஆடும் நிகழ்ச்சி. அர்ஜென்டினாவின் தலைநகர் புவெனஸ் ஐரிஸின் மிலோங்காக்களுக்கு இன்றும் வாரம் தவறாமல் ஆட வரும் 80, 90 வயதுக்காரர்களைப் பதிவு செய்துவைக்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் டாங்கோ ஆடுபவள், இந்த ஊரில்தான் குடியிருக்கிறேன். மூத்த ஆட்டக்காரர்களின் வீடுகளுக்கு மைக்கும் கேமராவுமாகப் போய் வருவது என் அன்றாடத்தில் ஒரு பகுதியாகிவிட்டது. இதற்குப் பெரிய செலவு இல்லை. ஒரு நல்ல கைபேசி, சட்டையில் குத்தும் சின்ன மைக், நிறையப் பொறுமை போதும். எதைப் பதிவு செய்யப் போகிறோம் என்ற தெளிவு மட்டும் முதலிலேயே வேண்டும்.

இவர்கள் மேடைக் கலைஞர்கள் அல்ல. பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு இரவில் பேட்டைக் கழகங்களிலும் நகரத்து அரங்குகளிலும் ஆடியவர்கள். பார்வையாளருக்காக அவர்கள் ஆடியதில்லை. கைக்குள் இருந்த ஒருவருக்காக ஆடினார்கள். மார்போடு மார்பு சேர்ந்த அந்த அணைப்புக்குள் நடப்பதில் பாதிகூடக் கேமராவில் விழாது. எந்த மூச்சில் அவர் அடியெடுத்து வைத்தார், எங்கே காத்திருந்தார், வலது கை எவ்வளவு லேசாக இருந்தது என்பதெல்லாம் அவரோடு ஆடியவர்களுக்குத்தான் தெரியும். அதனால் ஒரு மூத்தவரைப் பதிவு செய்யும்போது, அவரோடு ஆடியவர்களையும் சேர்த்தே பதிவு செய்யுங்கள். இந்தக் கட்டுரையில் எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

முதலில் வயதுக் கணக்கு

டாங்கோவின் பொற்காலம் என்று இங்கே சொல்வது ஏறக்குறைய 1935 முதல் 1955 வரை. வாத்தியக்குழுத் தலைவர் ஹுவான் தாரியென்சோவின் துள்ளலான தாளம் இளைஞர்களை மறுபடியும் தளத்துக்கு இழுத்துவந்ததில் தொடங்கி, அதிபர் பெரோனின் ஆட்சி கவிழ்ந்த காலம்வரை. அந்த நாட்களில் 16 வயதிலாவது ஆடத் தொடங்கியவர் என்றால் அவர் 1939-க்குள் பிறந்திருக்க வேண்டும். அதாவது இன்றைக்கு 85-ஐத் தாண்டியவர். அப்படிப்பட்டவர்கள் மிகச் சிலரே மிச்சம். 2020 மார்ச்சில் பெருந்தொற்றால் மிலோங்காக்கள் மூடியபோது, வீட்டுக்குள் அடைபட்ட பலர் திரும்ப வரவே இல்லை. மேடையில் உலகப் புகழ் பெற்ற ஹுவான் கார்லோஸ் கோபெஸ்கூட 2021 ஜனவரியில் கோவிட்டால்தான் போனார்.

75 வயதுக்காரர் சொல்லும் கதை வேறு. அவர் தொடங்கியபோது இளைஞர்கள் ராக் பக்கம் போய்க்கொண்டிருந்தார்கள். அப்புறம் 1976 முதல் 1983 வரை ராணுவ ஆட்சி. பலர் கல்யாணம், குழந்தை, வேலை என்று 20, 30 ஆண்டுகள் ஆட்டத்தையே விட்டுவிட்டு, 1980-களின் மறுமலர்ச்சிக்குப் பிறகு திரும்பி வந்தவர்கள். இரு தலைமுறையையும் ஒரே 'பழைய மிலோங்கேரோ' (மிலோங்காவே வாழ்க்கையான ஆட்டக்காரர்) என்ற பெட்டியில் போட்டுவிடாதீர்கள். பிறந்த ஆண்டு, வளர்ந்த பேட்டை, ஆடாமல் இருந்த ஆண்டுகள் இந்த மூன்றையும் முதல் சந்திப்பிலேயே குறித்துக்கொள்ளுங்கள். மூன்றாவதை யாரும் கேட்பதில்லை. ஏன் விட்டார், எது திரும்பக் கூட்டிவந்தது என்று கேட்டால் ஒரு முழு வாழ்க்கையே கிடைக்கும்.

அறிமுகம்

கேமராவோடு போய் நிற்காதீர்கள். முதல் சில வாரங்கள் ஆட மட்டும் போங்கள். மரபான மிலோங்காவில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் எதிர்ப்பக்கம் அமர்வார்கள். கண்ணால் பார்த்துத் தலையசைத்துத்தான் அழைப்பு, அதுதான் கபெசெயோ. யார் எந்த மேசை என்பது பல ஆண்டுகளாக முடிவான விஷயம், அதை நடத்துவது அமைப்பாளர். அவரிடம் போய் உங்களை அறிமுகப்படுத்திக்கொள்ளுங்கள், என்ன செய்ய விரும்புகிறீர்கள் என்று சொல்லுங்கள். அவர் சரி என்றால் பாதி வேலை முடிந்தது.

தளத்திலேயே உங்களுக்கு ஒரு வாய்ப்பு இருக்கிறது. தாந்தா என்பது ஒரே துணையோடு தொடர்ந்து ஆடும் பாட்டுத் தொகுதி, ஒரு தாந்தாவில் பொதுவாக நான்கு டாங்கோக்கள். ஒவ்வொரு பாட்டும் தொடங்கும்போது ஜோடிகள் உடனே நகர்வதில்லை. அரை நிமிடம்போல நின்று பேசுவார்கள், பிறகுதான் அணைத்துக்கொள்வார்கள். எனக்குக் கிடைத்த நல்ல செய்திகள் பலவும் அந்த அரை நிமிடங்களில் வந்தவைதான். இந்தப் பாட்டை முதன்முதலில் எங்கே கேட்டேன், என் அண்ணன் இதைப் பாடுவான், இந்த வாத்தியக்குழு எங்கள் பேட்டைத் திருவிழாவுக்கு வந்தது என்று தானாகச் சொல்வார்கள். ஆட்டம் தொடங்கிவிட்டால் வாயைத் திறக்காதீர்கள், அது இங்கே மரியாதைக் குறைவு. தாந்தா முடிந்ததைக் குறிக்கும் கோர்தினா இசை வந்ததும் இருக்கைக்குத் திரும்பி, கேட்டதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பேட்டியை மிலோங்காவில் வைக்காதீர்கள். சத்தம் ஒரு பக்கம், மற்றவர்களின் காது ஒரு பக்கம். அவர் வீட்டிலோ அவருக்குப் பழகிய காப்பிக்கடையின் மூலையிலோ வையுங்கள். காலை நேரம் வேண்டாம், இரவு இரண்டு மணிக்கு வீடு திரும்பியவர்கள் இவர்கள். மதியத் தூக்கம் முடிந்து ஐந்து மணிவாக்கில் பேச்சு சரளமாக வரும். காது மந்தமானவர் என்றால் அவர் முதுகுக்குப் பின் சுவர் இருக்கும்படி உட்காரவையுங்கள், நீங்கள் எதிரே உட்காருங்கள், உங்கள் உதடு அவருக்குத் தெரிய வேண்டும். 'உஸ்தெத்' (நீங்கள்) என்று மரியாதையாகத் தொடங்குங்கள். பெரும்பாலும் அவர்களே 'வோஸ்' (நீ) என்று பேசச் சொல்லிவிடுவார்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் இழுக்க வேண்டாம். இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

கேள்விகள்

டாங்கோ என்றால் உங்களுக்கு என்ன என்று மட்டும் கேட்காதீர்கள். வெளிநாட்டுக்காரர்கள் முப்பது ஆண்டுகளாக அதைத்தான் கேட்கிறார்கள், பதிலும் மனப்பாடமாக வரும். சின்னச் சின்னப் பொருள்களைக் கேளுங்கள். முதல் ஜோடி ஆட்டச் செருப்பு எங்கே வாங்கினார்? அந்தக் கழகத்தின் தரை மரமா, சிமெண்டா, ஓடா? யார் கற்றுக்கொடுத்தார்? அந்தக் காலத்தில் பையன்கள் பையன்களோடுதான் பயிற்சி செய்தார்கள். பெண்ணின் பங்கை முதலில் ஆடிப் பழகிய பிறகுதான் வழிநடத்த விடுவார்கள். யார் பெண் பங்கு ஆடினார், எவ்வளவு நாள் என்று கேளுங்கள். பெண்களிடம், கூட வந்த அம்மா எங்கே உட்கார்ந்திருப்பார், எத்தனை மணிக்குக் கிளம்பச் சொல்வார், கார்னிவல் இரவுகளில் எந்தக் கழகத்துக்குப் போவார்கள் என்று கேளுங்கள்.

அப்புறம் பாட்டைப் போடுங்கள். இதுதான் எனக்குத் தெரிந்த சிறந்த சாவி. பதினைந்திலிருந்து இருபத்தைந்து வயதுக்குள் கேட்ட இசை மற்றவற்றைவிட ஆழமாகப் பதிந்திருக்கும். அவர் பிறந்த ஆண்டைக் கொண்டு எந்த ஆண்டுப் பதிவுகள் என்று கணக்குப் போட்டு எடுத்துப் போங்கள். த்ரோய்லோ, புக்லியேசே, தந்தூரி, கலோ, தி சார்லி என்று அந்தக் காலத்து வாத்தியக்குழுக்கள் ஒவ்வொன்றிலும் இரண்டு பாட்டு இருந்தால் போதும். பாட்டு ஓடும்போது ஒரே ஒரு கேள்வி: இந்த வாத்தியக்குழு வந்தால் யாரை அழைப்பீர்கள்? பழைய ஆட்டக்காரர்கள் பலர் புக்லியேசேயை ஒருத்திக்கும் தி சார்லியை இன்னொருத்திக்கும் என்று ஒதுக்கிவைத்திருப்பார்கள். அந்தப் பெயர்கள் வந்ததும் காலம், இடம், சண்டை, சமாதானம் எல்லாம் பின்னாலேயே வரும்.

வில்லா உர்கீசா பேட்டைப் பக்கத்தில் ஒரு முதியவர். தன் பழைய தெருவின் பெயரைத் தேடி நெற்றியைச் சுருக்கிக்கொண்டிருந்தார். நான் தி சார்லியைப் போட்டேன். ஒரு வரி முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியை தி சார்லியின் பியானோ மணியடிப்பதுபோல நிரப்பும், கேட்டவர்களுக்குத் தெரியும். அவர் என் முன்கையைப் பிடித்து, தன் கட்டைவிரலால் லேசாக அழுத்தி, அங்கே நிறுத்திக் காட்டினார். வயலின்கள் மறுபடி எழும்பும்வரை அழுத்தத்தைக் குறைக்கவே இல்லை. எழும்பியதும் விட்டார். அங்கே நடக்க வேண்டாம், காத்திரு என்பது அவர் சொன்ன பாடம். வார்த்தையில் அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஒலிப்பதிவில் அந்த இடத்தில் வெறும் பியானோதான் இருக்கிறது. அதனால் இப்படி ஏதாவது நடந்தால் பேட்டி முடிந்த கையோடு உங்கள் குரலிலேயே சொல்லிப் பதிந்துவிடுங்கள்: எந்தப் பாட்டு, எந்த நொடி, கை எங்கே இருந்தது, என்ன செய்தார்.

பெண்களே காப்பகம்

சமூக டாங்கோவின் பதிவுகளைப் புரட்டினால் ஆண்கள்தான் நிறைந்திருக்கிறார்கள். எனக்கு இதில் ஆதங்கம் உண்டு. புகழ்பெற்ற ஆட்டக்காரர் எல் கசாஃபாஸ் 1942-ல் இறந்தார். அவரோடு ஆடிய கார்மென்சிதா கால்தெரோன் 2005-ல், நூறு வயதில் மறைந்தார். இடைப்பட்ட அத்தனை ஆண்டுகளும் அந்த மனிதரின் அணைப்பு எப்படி இருந்தது என்ற அறிவு உயிரோடு இருந்தது அந்தப் பெண்ணிடம். கார்லோஸ் கவிதோ 2005-லும், ரிகார்தோ விதோர்த் 2006-லும், 'தெதே' ருஸ்கோனி 2010-லும் போய்விட்டார்கள். அவர்கள் ஆடும் காணொளிகள் இருக்கின்றன, காலடிகளை யார் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம். அவர்களோடு ஆடிய பெண்கள் இன்னும் மதிய மிலோங்காக்களில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களைத் தேடிப் போங்கள்.

கணவர் பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்துப் பேசுங்கள், அவர் இருந்தால் பதிலை அவரே சொல்வார். இன்னார் எப்படி ஆடுவார் என்று பொதுவாகக் கேட்டால் அருமையாக ஆடுவார் என்பதோடு முடிந்துவிடும். குறிப்பாகக் கேளுங்கள். அவரது எடை முன்பாதத்திலா, முழுப்பாதத்திலா? கை முதுகில் எவ்வளவு உயரத்தில்? மூச்சு கேட்குமா? வயலினோடு போவாரா, துருத்தி வாத்தியமான பாந்தோனியோனோடா? நெரிசலில் இடித்துவிட்டால் என்ன செய்வார்? பிறகு ஒரு நாள் அந்தப் பெண்ணையே உங்களை அணைத்துக் காட்டச் சொல்லுங்கள். பல பெண்கள் இறந்துபோன ஒரு ஆட்டக்காரரின் கையழுத்தத்தை அப்படியே திருப்பிச் செய்து காட்டுவார்கள்.

இன்னும் ஆடிக்கொண்டிருக்கும் மூத்தவர் என்றால் இது எளிது. அவரோடு ஒரு தாந்தா ஆடிய பெண்ணை, கோர்தினா ஓடும்போதே வெளியே அழைத்துப்போய் இரண்டு நிமிடம் பேசவையுங்கள். அடுத்த தாந்தா ஆடிவிட்டால் உடம்பின் நினைவு கலைந்துவிடும். நீங்களே ஆடியிருந்தால் உங்கள் சொல்லையே பதியுங்கள்.

ஆட்டத்தைப் படம் பிடிப்பது

தளத்தைச் சுற்றி எல்லோரும் வட்டமாக நின்று, நீங்கள் மட்டும் ஆடிக் காட்டுங்கள் என்று கேட்டால் அவர் காட்சிக்காக ஆடிவிடுவார். நமக்கு வேண்டியது நெரிசலான ரோந்தாவில், இடஞ்சுழியாக நகரும் கூட்டத்துக்குள், முன்னால் போகிறவரை இடிக்காமல் அரை அடி இடத்தில் அவர் செய்கிற காரியம். அமைப்பாளரின் அனுமதியோடு ஒரு கைபேசியை மேலே, மாடியிலோ இசை போடுபவரின் மேடையிலோ நிலையாக வையுங்கள். இன்னொன்றை இடுப்பு உயரத்தில், பாதம் வெட்டுப்படாமல். தளத்தின் பக்கத்தில் நின்றால் ஜோடி சுற்றி வரும்போது முதுகும் தெரியும். தோள்பட்டையும், முதுகில் படிந்திருக்கும் பெண்ணின் இடது கையும் சொல்வதை முகம் சொல்லாது. பெரிதாக்கிப் பிடிக்காதீர்கள், சூழல் போய்விடும்.

அர்ஜென்டினாவின் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஷட்டரை 1/50 அல்லது 1/100-ல் வையுங்கள், இல்லையென்றால் குழல்விளக்கு படத்தில் துடிக்கும். நொடிக்கு 50 சட்டகம் இருந்தால் பிறகு மெதுவாக ஓட்டிப் பார்க்கலாம். பேட்டியின் ஒலியை வேவ் கோப்பாக, 48 கிலோஹெர்ட்ஸில் பதியுங்கள். கைபேசியை விமானப் பயன்முறையில் போட மறக்க வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. வேறொருவரின் துணையோடு ஆட வருபவர்கள், வீட்டில் சொல்லாமல் வருபவர்கள் எல்லா மிலோங்காவிலும் உண்டு. அதைக் காப்பாற்றுவது இந்த ஊரின் பழைய ஒழுக்கம். படம் எடுக்கப் போகிறோம் என்று முன்கூட்டியே அறிவிக்கச் சொல்லுங்கள். விருப்பமில்லாதவர் அந்த ஒரு தாந்தாவுக்கு உட்கார்ந்துகொள்வார். பின்னணியில் தெரியும் முகங்களும் முகங்கள்தான்.

சம்மதம், உரிமை

வாய்ச் சம்மதம் போதாது. 1933-ஆம் ஆண்டின் 11.723 எண் சட்டம், ஒருவரின் படத்தை வணிகத்துக்குப் பயன்படுத்த அவரது வெளிப்படையான சம்மதம் வேண்டும் என்கிறது. இறந்த பிறகு துணைவரும் பிள்ளைகளும் அந்த இடத்துக்கு வருகிறார்கள். நடப்பில் உள்ள சிவில் சட்டத் தொகுப்பின் 53-ஆம் பிரிவும் இதையே காக்கிறது. ஒரு பக்கத்துக்குள், பெரிய எழுத்தில், எளிய ஸ்பானியத்தில் எழுதி வாசித்துக் காட்டுங்கள். குடும்பத்துக்கு மட்டுமா, காப்பகத்துக்கா, எல்லோருக்குமா என்று மூன்று கட்டங்கள் இருக்கட்டும். அவருக்குப் பிறகு முடிவெடுப்பவர் யார் என்பதையும் எழுதி வாங்குங்கள். அதைக் கேட்கத் தயங்குவோம். அவர்கள் தயங்குவதில்லை.

இசைக்கும் உரிமை உண்டு. இங்கே ஒலிப்பதிவுக்கு வெளியான பின் 70 ஆண்டுகள், இசையமைத்தவருக்கும் பாடல் எழுதியவருக்கும் இறந்த பின் 70 ஆண்டுகள். ஆகவே 1940-களின் தட்டு விடுபட்டிருந்தாலும் பாட்டு விடுபட்டிருக்காது. த்ரோய்லோ இறந்தது 1975-ல், கணக்கைப் போட்டுப் பாருங்கள். அதனால் பேட்டியின் முக்கியப் பகுதிகளை இசை இல்லாமல் எடுங்கள். பாட்டைக் கேட்டுக்கொண்டே பேசுவது தனிக் கோப்பாக இருக்கட்டும்.

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. இவர்களில் பலர் குறைந்த ஓய்வூதியத்தில் வாழ்கிறார்கள். பேட்டிக்கு வரவழைத்தால் போக வர டாக்சி உங்கள் செலவு. ஆடக் கற்றுக்கொடுக்கச் சொன்னால், இளைய ஆசிரியருக்குக் கொடுக்கும் அதே கட்டணத்தைக் கொடுங்கள்.

பழைய படங்கள், டேப்புகள், பெயர்கள்

எதையும் வீட்டைவிட்டு எடுத்துப்போகாதீர்கள். சின்ன ஸ்கேனரைக் கொண்டுபோய் அங்கேயே 600 டிபிஐ-யில் எடுங்கள், படத்தின் பின்பக்கத்தையும் சேர்த்து. தேதியும் கழகத்தின் பெயரும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். விஎச்எஸ் டேப்புகளை முதலில் மாற்றுங்கள், காந்த நாடா வருடத்துக்கு வருடம் கெட்டுக்கொண்டே போகும். உள்ளூர் டேப்புகள் பால் (PAL) என்ற காணொளி முறையில் இருக்கும், அமெரிக்க மாணவர்கள் கொடுத்துவிட்டுப் போனவை என்டிஎஸ்சி (NTSC) என்ற வேறு முறையில் இருக்கும். இரண்டையும் ஓட்டும் கருவி உள்ள கடையாகப் பாருங்கள்.

மிலோங்காவில் எல்லோருக்கும் பட்டப்பெயர்தான். 'பெத்ரோலியோ' என்றால் தெரியும், கார்லோஸ் எஸ்தேவேஸ் என்றால் விழிப்பார்கள். 'விருலாசோ' தெரியும், ஹோர்ஹே ஒர்காய்சாகிர்ரே தெரியாது. பத்தாண்டு கழித்துத் தேடுபவருக்கு இரண்டும் வேண்டும். ஒவ்வொரு கோப்போடும் பட்டப்பெயர், இயற்பெயர், தேதி, இடம், பாட்டு, வாத்தியக்குழு, பாடகர், யாரோடு ஆடுகிறார், யார் எடுத்தது எல்லாவற்றையும் எழுதிவையுங்கள். பேச்சை எழுத்தாக்கும்போது லுன்ஃபார்தோ கொச்சையைத் திருத்தாதீர்கள்.

பிரதிகள் மூன்று, இரண்டு வெவ்வேறு வகைச் சேமிப்பில், ஒன்று வேறு வீட்டில். 1990-ல் தொடங்கப்பட்ட தேசிய டாங்கோ அகாதெமி அவெனிதா தே மாஜோவில் இருக்கிறது.  இப்படிப்பட்ட நிறுவனங்களிடம் கொடுத்துப் பாருங்கள், ஆனால் அவர் ஆடிய பேட்டைக் கழகத்துக்கும் ஒரு பிரதி போகட்டும். அங்கேதான் அவரைத் தெரிந்தவர்கள் பார்ப்பார்கள், படத்தில் இருப்பவர்கள் யார் யார் என்று பெயர் சொல்வார்கள்.

முதல் பிரதியை அவரோடு உட்கார்ந்து பாருங்கள். பார்க்கும்போது அவர் சொல்வதையும் பதியுங்கள், பேட்டியைவிட அதில் அதிகம் கிடைப்பதுண்டு. அப்புறம் வீட்டில் ஆர்வமுள்ள ஒரு பேரனையோ பேத்தியையோ கண்டுபிடியுங்கள். முதியவர் இறந்தால் இங்கே வீட்டை ஒரு வாரத்தில் காலி செய்துவிடுவார்கள், செருப்புப் பெட்டியும் படங்களும் குப்பைக்குப் போகும். எந்த அலமாரியில் எந்தப் பெட்டி என்பதை அந்தப் பிள்ளைக்கு இப்போதே காட்டிக்கொடுத்து, உங்கள் எண்ணையும் அந்தப் பெட்டியின் மேல் எழுதி ஒட்டிவிட்டு வாருங்கள்.